அடிக்கடி சுகமில்லாத பிள்ளையின் வாயையும் பாருங்கள்

பிள்ளையின் பல்லில் சூத்தை விழுந்தால், "பால்பல்லு தானே, விழுந்து முளைக்கும்" என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். சுகமான பிள்ளைக்கே இது சரியில்லை. அடிக்கடி நோயில் விழும் பிள்ளைக்கோ இது பெரிய ஆபத்து.

நம் இரத்தத்திலும் உமிழ்நீரிலும் கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இருக்கின்றன. சில பிள்ளைகளுக்கு இவை பிறவியிலேயே குறைவு. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் புரூட்டன் என்ற வைத்தியர், திரும்பத் திரும்ப நோயில் விழுந்த 8 வயதுச் சிறுவனிடம் இக்குறையைக் கண்டறிந்தார். அவர் கண்ட வகை பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். பிறந்து ஏறக்குறைய 6 மாதம் வரை தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் பிள்ளையைக் காக்கும். அதன்பின் காதில் சீழ், நியூமோனியா, வயிற்றோட்டம் என்று மாறி மாறி வரும். இது கண்ணூறும் அல்ல, தாயின் குற்றமும் அல்ல, மற்றவருக்குத் தொற்றுவதும் அல்ல. இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். குறை கடுமையாக இருந்தால் 3, 4 கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் பிறபொருளெதிரி மருந்து ஏற்றுவார்கள்.

இப்படியான சில பிள்ளைகளுக்குப் பல்லின் மேற்பூச்சான எனாமல் சரியாக உருவாகாது. முரசு வீங்கும், வாயில் புண் வரும். அதோடு, மாதக்கணக்கில் குடிக்கும் பாணி மருந்தில் சீனி இருக்கும். இரவில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், அந்தச் சீனி பல்லிலே தங்கிச் சூத்தையாக்கும். அதற்காக, "மருந்தால பல்லு கெட்டுப்போகுது" என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள்! மருந்தை நிறுத்தினால் உயிருக்கே மோசம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. சீனியில்லாத மருந்தோ, குளிசையோ கிடைக்குமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

2. மருந்து கொடுத்தபின் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். இரவு மருந்தைக் கொடுத்த பிறகே பல் விளக்குங்கள்.

3. காலையும் இரவும் புளோரைட் பற்பசையால் நீங்களே விளக்கிவிடுங்கள். 3 வயது வரை அரிசி மணியளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு பற்பசை போதும். கரி, செங்கல்தூள் வேண்டாம். அவை எனாமலைத் தேய்த்துவிடும்.

4. சீனி போட்ட தேத்தண்ணியையோ பாலையோ போத்தலில் கொடுத்து நித்திரையாக்காதீர்கள்.

5. பல் பிடுங்கும் முன் கிளினிக் கொப்பியைக் காட்டி, பிள்ளையின் நோயைப் பல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டு, தேவையானால் முன்கூட்டியே மருந்து தருவார்.

பல்வலியோடு முகம் வீங்கி, காய்ச்சலும் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்துவிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கொழுந்து மலைக்குப் போகும் அவசரத்தில் நேரம் ஏது என்று கேட்பீர்கள். காலையில் இரண்டு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் போதும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து அம்மாவுக்கும், வீட்டிலுள்ள பாட்டிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.