கிட்டாருக்கு இன்புட் லெவல் வைக்கும் முறை

மின்கிட்டாரை டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் ப்ராசஸரில் செருகியதும் முதலில் பார்க்க வேண்டியது இன்புட் லெவல். ரிவெர்ப், டிலே, டிஸ்டார்ஷன் எல்லாம் அதற்குப் பிறகுதான். நுழைவாயிலிலேயே சிதைந்துபோன ஒலியைப் பின்னால் வரும் எந்த எஃபெக்ட்டும் சீராக்காது.

கிட்டாரின் தந்திகளுக்கு அடியில் பிக்கப் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றித் தலைமுடி போல மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, அந்தச் சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அதன் அளவு கிட்டாருக்குக் கிட்டார் வேறுபடும். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் உள்ளதுபோன்ற ஒற்றைச்சுருள் பிக்கப்பை மென்மையாக வாசித்தால் சில பத்து மில்லிவோல்ட் கிடைக்கும். கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், மின்இரைச்சலைப் போக்க இரண்டு சுருள்களைச் சேர்த்தது. பலமாகச் சுற்றப்பட்ட ஹம்பக்கரில் ஓங்கி அடித்தால் உச்சம் 1 வோல்ட்டையும் தாண்டும்.

ப்ராசஸர் இந்த மின்னழுத்தத்தை, பெரும்பாலும் நொடிக்கு 48,000 முறை, அளந்து எண்ணாக்குகிறது. 24 பிட் கருவியில் சுமார் 1.67 கோடி படிகள் உண்டு. மிக உயர்ந்த படிக்குப் பெயர் 0 டெசிபல். அதற்கு மேல் எழுத எண் கிடையாது. மேலே போன அலையின் தலை வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடும். இதுதான் கிளிப்பிங். வால்வு ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையை மெல்ல அழுத்தி வளைப்பதால், அந்தச் சிதைவைக் கிட்டார்க்காரர்கள் விரும்பித் தேடுகிறார்கள். டிஜிட்டல் வெட்டில் விளிம்பு கூராக இருக்கும். காதில் வறண்ட கரகரப்பாக விழும்.

அதற்குப் பயந்து லெவலை அடியோடு குறைத்தால் வேறு தொல்லை வரும். டெசிபல் கணக்கில் 6 குறைந்தால் மின்னழுத்தம் பாதியாகிறது. ஆனால் கருவியின் சுற்றுக்குள் பிறக்கும் இரைச்சல் குறைவதில்லை. டிஸ்டார்ஷன் சிறு ஒலியைப் பல மடங்கு பெருக்கும்போது அந்த இரைச்சலும் கூடவே பெருகி, இரண்டு ஸ்வரங்களுக்கு இடையில் 'உஸ்' என்று கேட்கும்.

ஆகவே லெவலை மிகப் பலமான அடியை வைத்தே தீர்மானிக்க வேண்டும். வால்யூம், டோன் குமிழ்கள் முழுதாகத் திறந்திருக்கட்டும். பிரிட்ஜ் பிக்கப்தான் பலமானது என்று எண்ணிவிடாமல் எல்லா பிக்கப்களையும் சோதிப்பது நல்லது. தந்தி அதிகம் ஆடுவது கழுத்துப்பக்கம். ஆறு தந்தியும் ஒலிக்கும் இ மேஜர் கார்டை, மேடையில் அடிக்கும் அதே வேகத்தில் அடிக்க வேண்டும். வீட்டில் அடக்கி வாசித்து வைத்த லெவல் மேடையில் நிலைக்காது. ஆட்கள் நிறைந்ததும் கை தானாகவே கனக்கும். பிக் தந்தியைத் தொடும் முதல் சில மில்லிநொடிகளில்தான் உச்சம் வருகிறது. அந்த உச்சம் மீட்டரில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் நிற்பது பாதுகாப்பானது. சிவப்பு விளக்கு மின்னினால் இன்புட் குமிழைக் குறைக்க வேண்டும், அல்லது லெவலைக் குறைக்கும் பேட் சுவிட்சைப் போட வேண்டும். இரண்டும் இல்லாத கருவி என்றால், பிக்கப்பின் திருகுகளைத் திருப்பி அதைத் தந்தியிலிருந்து சற்றே இறக்கலாம்.

பல கருவிகளில் இன்புட் குமிழைத் திருப்பினால் தொனியும் மாறும். உள்ளேயிருக்கும் ஆம்ப் மாடல், நிஜ ஆம்ப்ளிஃபயர் போலவே, கூடுதல் மின்னழுத்தம் வந்தால் கூடுதலாகச் சிதைக்கும். எனவே லெவலை முதலில் நிலைப்படுத்திவிட்டு, பிறகு ப்ரீசெட் அமைப்பதே வசதி. ஃப்ராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் இதற்கு விலக்கு: குமிழில் செய்த மாற்றத்தை அது உள்ளே ஈடுகட்டிக்கொள்வதால் தொனி அப்படியே இருக்கும்.

எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். கிட்டார் இன்புட்டின் மின்மறுப்பு வழக்கமாக 1 மெகாஓம். 10 கிலோஓம் அளவிலுள்ள லைன் இன்புட்டில் நேராகச் செருகினால் லெவல் விழுவதோடு, மேல்ஸ்வரங்களின் பளிச்சும் மங்கும்; கெயினைக் கூட்டினால் சத்தம் திரும்பும், பளிச்சு திரும்பாது.

மீட்டர் பச்சையிலேயே இருந்தும் ஒலி உடைந்தால், கோளாறு ப்ராசஸருக்கு முன்னால் இருக்கலாம். ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி தீரும் நேரத்தில் இப்படித்தான் ஆகும். பின்மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றினால் ஒலி தெளியும்.