கால்கள் ஒத்துழைக்கவில்லை... கைகள் கரை சேர்த்தன!
துடுப்புப் படகு சாம்பியன் பிராச்சி யாதவின் கதை

நாசரேத், திருச்செந்தூர் வட்டாரப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் புதிதல்ல. ஒரு பக்கம் தாமிரபரணிப் பாசனக் குளங்கள், இன்னொரு பக்கம் முத்துக் குளித்த கடல். கரையில் நின்று வள்ளம் போவதைப் பார்த்தே வளர்கிறவர்கள் நாம். ஆனால், படகு ஓட்டுவது ஒலிம்பிக் வரை போகிற விளையாட்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்குக் கடல்கூட வேண்டியதில்லை, அலையடிக்காத ஒரு ஏரி போதும் என்று காட்டியிருக்கிறார் பிராச்சி யாதவ். அதுவும், பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லாத நிலையில்!

நீச்சலில் தொடங்கிய பயணம்

மத்தியப் பிரதேசம் குவாலியரில் 1995-ல் பிறந்தவர் பிராச்சி. சிறுவயதிலேயே அம்மாவை இழந்தார். உடலுக்குத் தெம்பு வரட்டும் என்றுதான் அவரை முதலில் நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சல், மெல்ல மெல்லப் போட்டியாக மாறியது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நீச்சல் போட்டிகளில் பதக்கங்கள் வாங்கினார்.

திருப்பம் 2018-ல் வந்தது. பிராச்சியின் நீளமான கைகளைக் கவனித்த பயிற்சியாளர் வீரேந்திர குமார் டபாஸ், ‘படகு ஓட்டிப் பாரேன்’ என்று வழிகாட்டினார். குவாலியரை விட்டு போபாலுக்கு வந்தார் பிராச்சி. அங்கே சின்ன ஏரி என்று அழைக்கப்படும் நீர்நிலையில், மயங்க் தாக்கூரிடம் பயிற்சி தொடங்கியது.

உட்காருவதே சவால்

இந்தப் போட்டிப் படகைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கயாக் வகைப் படகின் நீளம் சுமார் 5 மீட்டர் 20 செ.மீ.; அகலமோ 50 செ.மீ. அளவுதான். கொஞ்சம் சாய்ந்தாலும் கவிழ்ந்துவிடும். மற்ற வீரர்கள் பாதத்தை ஊன்றி, காலை உதைத்துத்தான் சமநிலையும் வேகமும் பெறுகிறார்கள். பிராச்சிக்கு அந்த வசதி இல்லை. காலின் வேலையையும் சேர்த்து முதுகும் தோளும் கைகளுமே செய்ய வேண்டும்.

இன்னொரு வகை, ‘வா’ படகு. பசிபிக் தீவு மக்களின் பாரம்பரியப் படகு இது. கவிழாமல் தாங்க ஒரு பக்கம் துணைக்கட்டை இருக்கும். ஆனால், திசை திருப்ப சுக்கான் கிடையாது. ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே, படகு கோணாமல் நேராகவும் ஓட்ட வேண்டும். பிராச்சி இரண்டு வகையிலும் போட்டியிடுகிறார். இரண்டிலும் தூரம் 200 மீட்டர்.

டோக்கியோ முதல் ஹாங்சோ வரை

பயிற்சி தொடங்கி மூன்றே ஆண்டுகளில் டோக்கியோ பாராலிம்பிக்ஸ். அந்த மேடையில் துடுப்புப் படகுப் போட்டியில் இறங்கிய முதல் இந்தியர் பிராச்சிதான். 2021 செப்டம்பரில் நடந்த ‘வா’ இறுதிப் போட்டியில் 1 நிமிடம் 7.329 விநாடியில் கரை தொட்டார். கிடைத்தது எட்டாவது இடம்.

பதக்கம் இல்லை என்று அவர் ஏரியை விட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டே போலந்தின் போஸ்னானில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார்.

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசிய விளையாட்டுப் போட்டி. முதலில் ‘வா’ பிரிவில் 1 நிமிடம் 3.147 விநாடியில் வெள்ளி. டோக்கியோவைவிட நான்கு விநாடிக்கு மேல் குறைவு! மறுநாள் கயாக் பிரிவில் 54.962 விநாடியில் தங்கம்! அதே நாளில் அவருடைய கணவர் மனீஷ் கௌரவ், ஆண்கள் கயாக் போட்டியில் வெண்கலம் வென்றார். ஒரே வீட்டுக்கு, ஒரே நாளில் இரண்டு பதக்கங்கள்.

2024 ஜனவரியில் அர்ஜுனா விருது பிராச்சியைத் தேடி வந்தது. அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்ஸிலும் இறுதிப் போட்டி வரை முன்னேறினார். மறுபடியும் எட்டாவது இடம்தான். ஆசியாவில் தங்கம் வென்றவருக்கும் உலக மேடையில் இன்னும் தூரம் பாக்கி இருக்கிறது. ஆனால், அடுத்தடுத்து இரண்டு பாராலிம்பிக்ஸ் இறுதிப் போட்டிகளில் இந்தியப் படகு ஒன்று நின்றதே, அது அவரால் நடந்தது.

நம் வீட்டிலும் ஒரு பிராச்சி

நடக்க முடியாத பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடக் கூடாது என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். பயம் நியாயமானதுதான். பயிற்சியாளர் இல்லாமல், மிதவை அங்கி இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கவும் கூடாது. ஆனால், பிராச்சியின் வீட்டில் அந்தப் பயத்தோடு நின்றுவிடவில்லை. முறையாகக் கற்றுக்கொடுக்க ஆள் தேடினார்கள்.

ஒரு பிள்ளையால் எது முடியாது என்பது எல்லோர் கண்ணிலும் படும். அவள் கை நீளமாக இருக்கிறது என்பது ஒருவர் கண்ணில்தான் பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளையும் இன்று ஒருமுறை அந்தக் கண்ணோடு பார்ப்போமா?