24 போட்டோ, ஒரே பைல்

2001ல் என் தங்கையின் கல்யாணப் போட்டோக்கள் 24ஐ ஒரு பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து, ஒரே ஜிப் பைலாகப் பிளாப்பியில் வாங்கி வந்தேன். ஆல்பம் தங்கையோடு துபாய்க்குப் போய்விட்டது. பைல்களுக்குக் கல்யாணம்-01, கல்யாணம்-02 என ஆங்கில எழுத்துக்களில் பெயர் தந்திருந்தார்கள்.

என் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 98. ஆனால் அதை மூடிவிட்டு டாஸில் கட்டளை டைப் செய்து வேலை பார்ப்பதில் எனக்கு அப்போது ஒரு பெருமை. டாஸுக்கான பழைய அன்ஜிப் புரோகிராம் ஒன்றை இயக்கினேன். முதல் பைல் விரிந்தது. இரண்டாவது பைல் வந்ததும், இதே பெயரில் பைல் உள்ளது, அதன் மேல் எழுதவா என்று கேட்டது. படித்துப் பார்க்காமல், எல்லாவற்றிற்கும் சரி என்று பதில் தந்தேன். பிளாப்பியையும் பார்மட் செய்துவிட்டேன். பிறகு டைரக்டரியைப் பார்த்தால் ஒரே ஒரு போட்டோ! பந்தியில் யாரோ இலை போடுகிறார்.

காரணம் எளிது. டாஸில் பைல் பெயருக்கு 8 எழுத்து, புள்ளிக்குப் பின் 3 எழுத்து, அவ்வளவுதான் இடம். கல்யாணம் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் சரியாக 8 எழுத்து. அதற்குப் பின் வந்த எண்ணை அந்தப் புரோகிராம் வெட்டிவிட்டது. 24 பைல்களுக்கும் ஒரே பெயர். ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசிப் பைல் மட்டும் மிஞ்சியது.

1995ல் வந்த விண்டோஸ் 95, 255 எழுத்து வரை பெயர் வைக்க அனுமதித்தது. கூடவே டாஸுக்காக ஒரு குட்டிப் பெயரையும் எழுதி வைக்கும். அதில் வழக்கமாக முதல் 6 எழுத்தும், நெளிகோடு போன்ற டில்டே அடையாளமும், ஒரு எண்ணும் இருக்கும். எண் மாறுவதால் பெயர்கள் மோதாது. என் பழைய புரோகிராமுக்கு இந்த வித்தை தெரியாது. விண்டோஸ் 3.1க்காக எழுதப்பட்ட 16 பிட் புரோகிராம்களுக்கும் நீளப் பெயர் புரியாது. சாப்ட்வேரை இப்படி விரித்தால், செட்டப் தேடும் பைல் அதே பெயரில் இருக்காது. பைல் இல்லை என்று பிழைச் செய்தி வரும்.

பழைய கம்ப்யூட்டர் உங்களிடம் வந்தால், விண்டோஸ் இயங்கும்போதே 32 பிட் அன்ஜிப் புரோகிராம் கொண்டு விரித்திடவும். மேலே எழுதவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவிடவும். ஜிப்பில் எத்தனை பைல், போல்டரில் எத்தனை பைல் என்று எண்ணிப் பார்க்கும் வரை ஜிப்பை அழிக்க வேண்டாம்.

இன்றைய விண்டோஸிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. டிரைவ், போல்டர்கள், பைல் பெயர் எல்லாம் சேர்ந்து சுமார் 260 எழுத்தைத் தாண்டினால் பல புரோகிராம்கள் தடுமாறும். 2016ல் விண்டோஸ் 10ல் இந்த எல்லையைத் தளர்த்த வழி தந்தார்கள். ஆனால் செட்டிங்கை மாற்ற வேண்டும், புரோகிராமும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். அதைவிட, சி டிரைவில் ஓரெழுத்துப் பெயரில் போல்டர் உருவாக்கி, அதில் விரிப்பது சுலபம்.

ஆல்பம் திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று. இரண்டாம் முறை ஸ்கேன் செய்தபோது எண்ணை முன்னால் போடச் சொன்னேன்.