அலைக்கு அடியில் ஓர் ஊர்த்தோட்டம்

தூத்துக்குடிக்காரர்களுக்குக் கடலுக்குள் ஒரு தோட்டம் இருக்கிறது! விதை கிடையாது, உரம் கிடையாது, வேலி கிடையாது. ஆனால் நாற்று உண்டு, நடவு உண்டு, களையெடுப்பு உண்டு. மேலே வல்லம் ஆட, கீழே ஆராய்ச்சி மாணவர்கள் முழங்காலிட்டுப் பவளம் நடுகிறார்கள். நினைக்கும்போதே புல்லரிக்கிறது, இல்லையா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்காவாகின. அவற்றில் வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகியவை தூத்துக்குடிப் பக்கத்தில் இருப்பவை. அனுமதியில்லாமல் அங்கே யாரும் கால்வைக்க முடியாது. அதனால்தான் இந்தத் திரை விலக்கும் வேலை. வாருங்கள், வல்லத்தில் ஏறுவோம்!

முதல் ஆச்சரியம் கரையிலேயே காத்திருக்கிறது. கடலுக்குள் எப்போது இறங்கலாம் என்று முடிவு செய்வது ஆராய்ச்சிக் கருவி மட்டும் அல்ல. "இன்னைக்கு நீவாடு சாஸ்தி தம்பி, அடி கலங்கித்தான் கிடக்கும்" என்று நீரோட்டத்தைப் பார்த்து மீனவ அண்ணாச்சி ஒருவர் சொல்லிவிட்டால், மூச்சுக்காற்று உருளைகள் மறுபடி கொட்டகைக்குள் போகும். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்தே பார் எனும் பவளத்திட்டு இருக்கும் இடத்தில் நங்கூரம் போடுகிற கை அது. முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த அறிவு. தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. முத்து நின்றாலும் அந்த அறிவு நிற்கவில்லை. கடலியல் படிக்கும் பிள்ளைகள் வல்லத்திலேயே இன்னொரு பாடம் படிக்கிறார்கள்.

இனி நடவு! சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002இல் தொடங்கிய வேலை இது. பக்கத்தில் நலமாக வளரும் பவளத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு எடுக்கிறார்கள். அதைச் சின்னஞ்சிறு சிமெண்ட் பலகையில் வைத்து நைலான் நூலால் கட்டுகிறார்கள். வெயில் படக்கூடாது, வெளிக்காற்றில் அதிக நேரம் இருக்கக்கூடாது. எல்லாம் பரபரவென்று நடக்கும். பிறகு அந்தப் பலகைகளை அடியில் வைத்திருக்கும் கான்கிரீட் சட்டத்தில் பொருத்துகிறார்கள். இங்கேதான் மனம் துள்ளுகிறது: கொஞ்ச நாளில் பவளம் தன்னைக் கட்டிய நூலையே மூடி வளர்ந்து, பலகையோடு தானாக ஒட்டிக்கொள்கிறது! கிளைவிடும் மான்கொம்புப் பவளம் நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை நீளும். உருண்டைப் பவளங்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஒன்றிரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். இப்படி 20 உள்ளூர் வகைகளில் 50,000க்கும் மேற்பட்ட துண்டுகளை இதுவரை நட்டிருக்கிறார்கள்.

இந்தத் தோட்டத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இதே பார்களிலிருந்துதான் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் கல் வெட்டினார்கள். பார் என்ற அரண் போனதும் அலை நேராகத் தீவின் மேல் ஏறியது. 1986இல் 16 ஹெக்டேர் அளவுக்கு இருந்த வான் தீவு 2014 வாக்கில் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. விலாங்குச்சல்லி நீருக்குள்ளேயே போய்விட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு பார் இருந்தால்தான் ஊர் தப்பும் என்பது கரையோர மக்களுக்கும் உறைத்தது. கல் வெட்டுவது நின்றது. பிறகு வான் தீவைச் சுற்றித் துளையிட்ட கான்கிரீட் அமைப்புகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. அலையின் வேகம் தணிந்தது. அவற்றின் மேல் பவளம் தானாக வந்து குடியேறியது. மீனும் கூடவே வந்தது!

பக்கத்துப் பாத்தியில் புல். கடற்புல்லைத் தாழை என்பார்கள் கரையில். ஒரு சதுரச் சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் சணல் கயிறு கட்டி, வேரோடு எடுத்த புல்லை மல்லிகைச் சரம் தொடுப்பதுபோல வரிசையாக முடிந்து, அப்படியே மணலில் அமர்த்துகிறார்கள். வேர் பிடித்த பின் சணல் மக்கிப்போகும். பாக் விரிகுடாவில், தஞ்சாவூர் கடற்கரையின் மனோரா பக்கம், ஓம்கார் அமைப்பு மூங்கில் சட்டமும் தேங்காய்நார்க் கயிறும் வைத்து மீனவர்களோடு இதைச் செய்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தருகிறது. இந்தப் புல்லை மேய்ந்துதான் ஆவுளியா என்கிற கடல்பசு உயிர்வாழ்கிறது. அதற்காகவே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது.

களையும் உண்டு என்றேனே! கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. அது வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பதை 2008இல் கண்டுபிடித்தார்கள். கையால்தான் பிடுங்க வேண்டும். ஒரு துணுக்கு விட்டுப்போனாலும் மறுபடி துளிர்க்கும். அதனால் இங்கே களையெடுப்புக்கு ஓய்வே கிடையாது. அறுந்து வந்து பவளத்தில் சிக்கும் வலைகளையும் நிதானமாக விடுவித்து மேலே கொண்டுவர வேண்டும். வலையின் கண்ணையும் முடிச்சையும் அறிந்த மீனவர் கை அருகில் இருந்தால் அந்த வேலை எவ்வளவு சுளுவாகிறது!

இந்தத் தோட்டத்துக்கும் பஞ்ச காலம் வந்திருக்கிறது. கடல் சூடேறிய 2010லும் 2016லும் பவளங்கள் வெளுத்தன, நிறைய மடிந்தன. வெப்பம் ஏறும் உலகில் அது மறுபடியும் வரும். ஆனால் வெயில் காலம் கழிந்ததும் பிழைத்தது எது, மடிந்தது எது என்று இறங்கிக் கணக்கெடுத்து, தாக்குப்பிடித்த வகையைப் பார்த்து மறுபடி நடுகிறார்கள். ஒரு தோட்டம் நிலைப்பது இந்த விடாப்பிடியால்தான். நட்டவர் படிப்பு முடித்துப் போவார்; அடுத்த மாணவர் வருவார்; அவருக்குப் பாரைக் காட்ட ஓர் அண்ணாச்சி வல்லத்தில் இருப்பார். இந்த இருவரும் சேர்ந்து இறங்கும்வரை வான் தீவுக்குக் காவல் உண்டு. தூத்துக்குடி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள, முத்துக்கு அடுத்ததாக இதோ இன்னொன்று!