நியூ கலிடோனியா: ஆலை மூடினால் ஊர் என்னவாகும்?

பசிபிக்கில் உள்ள பிரெஞ்சு ஆட்சிப்பகுதி நியூ கலிடோனியா. 2019 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 2.71 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு பேர், தெற்கே தலைநகர் நூமியாவிலும் அதை ஒட்டிய மூன்று ஊர்களிலும்தான் இருக்காங்க.

வடக்கில் என்ன நடந்தது?
அங்கே கனாக் பூர்வகுடிகளே பெரும்பான்மை. அங்கேயும் ஒரு நகரம் வளரணும் என்றுதான் கோனே அருகே நிக்கல் ஆலை வந்தது. 51% பங்கு வடக்கு மாகாணத்தின் நிறுவனத்திடம். 2013-ல் உற்பத்தி தொடங்கியது, கோனேயும் வளர்ந்தது.

ஆனால் நஷ்டம் தீரவில்லை. 49% வைத்திருந்த கிளென்கோர் 2024-ல் விலக முடிவெடுத்தது, உலைகள் அணைந்தன. சுமார் 1,200 பேருக்கு வேலை போச்சு.

நூமியாவுக்குப் போகலாமே?
அதே ஆண்டு மே மாதம், வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து வெடித்த கலவரத்தில் நூமியாவில் கடைகளும் தொழிற்கூடங்களும் எரிந்தன. வேலை தேடிப் போகும் ஊரிலேயே வேலை குறைந்துபோச்சு.