கிந்தனார் காலட்சேபம்

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பேச்சை எடுத்தாலே அவர் அள்ளிக் கொடுத்த கதைகள்தான் வரிசை கட்டி வரும். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வள்ளல் பெயர் வளர வளர, பாட்டும் கதையுமாக மேடையில் நின்ற கலைஞரைப் பற்றிய பேச்சு குறைந்துகொண்டே போகிறது. அவர் எப்படிச் சிரிக்க வைத்தார், அந்தச் சிரிப்புக்குள் எதை வைத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார், நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்தார். அந்தக் காலத்து நாடகக் கம்பெனி ஓர் ஊரில் வசூல் இருக்கும்வரை ஆடிவிட்டு, படுதா, பெட்டி படுக்கையோடு அடுத்த ஊருக்கு ரயிலேறும். தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும், சிரிப்பும் வர வேண்டும். எந்த ஊரில் எது எடுபடும் என்பது இந்த அலைச்சலில்தான் அவருக்குப் பிடிபட்டது.

அவர் பிறந்த நாஞ்சில் நாடு வில்லுப்பாட்டு மண். கோயில் கொடையன்று வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டி, புலவர் வீசுகோலால் நாணைத் தட்டுவார். வில்லில் கோத்த மணிகள் சலசலக்கும். குடக்காரர் குடத்தின் வாயில் மட்டையால் அடிப்பார். உடுக்கு ஒரு பக்கம் பேச, இன்னொரு பக்கம் உட்கார்ந்தவர் வரிக்கு வரி ‘ஆமா’ போட, சுடலைமாடன் கதை விடிய விடிய ஓடும். அந்த வில்லில்தான் கலைவாணர் காந்தியின் கதையை ஏற்றினார். வெ.சாமிநாத சர்மா எழுதி, வெள்ளைக்கார அரசு தடை செய்த ‘பாணபுரத்து வீரன்’ நாடகத்தை டி.கே.எஸ். குழு ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி ஆடியது. அதில் இந்தக் காந்தி வில்லுப்பாட்டும் சேர்ந்துகொண்டது. சாமி கதை கேட்டுப் பழகிய ஜனங்கள் அதே மெட்டில் அரசியல் கேட்டார்கள்.

இந்த வித்தையின் உச்சம் ‘கிந்தனார்’. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைப் பாகவதர்கள் ஊர் ஊராகக் காலட்சேபம் செய்த காலம் அது. பஞ்சகச்சம், கையில் சப்ளாக்கட்டை, பக்கத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், பின்பாட்டு. நடுநடுவே உபகதை, குரலை ஏற்றி இறக்கும் வசனம். இதில் ஒன்றையும் கலைவாணர் விடவில்லை. பாகவதரின் அத்தனை அசைவையும் எடுத்துக்கொண்டார், கதையை மட்டும் மாற்றினார். பாட்டு எழுதிக் கொடுத்தவர் உடுமலை நாராயண கவி.

நந்தன் சிதம்பரம் போக ஆசைப்பட்டான், இவருடைய கிந்தனோ பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அந்தப் பையனுக்கு ஊரில் படிக்க வழியில்லை. ரயிலேறிப் பட்டணம் போகிறான். சக்கரம் சுழலும் சந்தத்திலேயே அந்தப் பயணம் பாட்டாகிறது. ஊரில் எட்டி நிற்கச் சொன்னவர்களெல்லாம் ரயில் பெட்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவது கேட்பவர்கள் தினமும் பார்த்த காட்சிதான். படித்துத் தேறிய கிந்தன் கடைசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக ஊர் திரும்புகிறான்.

பழைய கதையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இதன் கூர்மை புரியும். நந்தனைக் கோயிலுக்குள் விட அவன் நெருப்பில் இறங்கி, வேறு ஆளாக எழுந்து வர வேண்டியிருந்தது. கிந்தன் எந்த நெருப்பிலும் இறங்கவில்லை. போன உடம்போடுதான் திரும்பி வருகிறான். ஊர்தான் அவனுக்கு எழுந்து நிற்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருவரையும் ஏசாமல், கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டே சொல்லி முடித்தார் கலைவாணர். தமிழ் மேடையில் இதற்கு நிகரான நையாண்டியை நான் கண்டதில்லை.

1944 கடைசியில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு கைதானார். ஆயுள் தண்டனை. பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு, 1947-ல்தான் விடுதலை. உள்ளே இருந்த காலத்தில் மனைவி டி.ஏ.மதுரமும் நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமமும் அவர் பெயரிலான நாடக சபையைக் கலையாமல் காத்தார்கள். வெளியே வந்தவரிடம் கசப்பு தெரியவில்லை. 1949-ல், அண்ணா கதை வசனம் எழுதிய ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் காலட்சேபம் இடம்பெற்றது. இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பது அதுதான்.

பிற்காலப் படங்கள் சிலவற்றில் பிரசாரம் சிரிப்பை முந்திக்கொள்ளும், மதுவிலக்குக் காட்சிகள் நீண்டுவிடும். ரசிகர்கள் கோபித்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாட்டு கைக்கு வந்துவிட்டால் பழைய மேடைக்காரர் எழுந்துவிடுவார். 1956-ல் வந்த ‘ராஜா ராணி’யில் சிரிப்பின் வகைகளைப் பாடி, ஒவ்வொன்றையும் சிரித்தே காட்டியிருப்பார். மறு வருடம் ஆகஸ்ட் 30-ல், நாற்பத்தெட்டு வயதில் காலமானார்.

தியாகராய நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1969 ஜனவரியில் அண்ணா திறந்து வைத்தது. சென்னையில் அவர் பெயரில் அரசு அரங்கமும் உண்டு. ஆனால் அவருடைய தொழில் தொடர்ந்தது, நெல்லைச் சீமையிலிருந்து அவர் சென்னைக்கு அழைத்து வந்த சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரிடம். கலைவாணருக்காக எழுதத் தொடங்கிய அவர், 2022-ல் மறையும்வரை வில்லிசையோடு வாழ்ந்தார். சுடலைமாடன் ஏறிய வில்லில் காந்தியையும், ஊர் நடப்பையும், அன்றன்றைய செய்தியையும் ஏற்றிப் பாடினார். அவர் மகள் பாரதி திருமகன் இன்றும் அதே வில்லோடு மேடையேறுகிறார்.