திராட்சை மதுவும் சொமெலியேயும்



உணவகத்தில் விருந்தினருக்கு ஏற்ற திராட்சை மதுவைத் தேர்ந்து பரிமாறுபவரைச் ‘சொமெலியே’ என்பர். பிரெஞ்சுச் சொல்லான இது, பழங்காலத்தில் பொதிவிலங்குகளுக்குப் பொறுப்பானவரைக் குறித்தது. இத்தாலியில் இத்தொழிலாளருக்கென 1965-ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு சங்கம் தோன்றியது.

முகர்ந்தும் சுவைத்தும் மதுவை மதிப்பிடுவதே இவர்களது தனித்திறமை. ஆனால், அத்திறமைக்கும் எல்லை உண்டு என்பதை 1986-ஆம் ஆண்டு காட்டியது. இத்தாலியில் சில வணிகர்கள், மலிவு மதுவின் போதையைக் கூட்ட மெத்தனால் என்னும் நஞ்சைக் கலந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிலர் பார்வையை இழந்தனர். மெத்தனாலின் மணமும் சுவையும் சாதாரணச் சாராயத்தைப் போன்றவையே. மூக்கும் நாக்கும் அதைக் கண்டுபிடிக்க மாட்டா.

அப்படியானால் எதை நம்புவது? மது விளைந்த வட்டாரத்தைக் குறிக்கும் முறையை 1963-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. 1980-இல் பரோலோ, புருனெல்லோ முதலியவை அதனினும் கடுமையான உத்தரவாதத் தகுதியைப் பெற்றன. இன்றைய நல்ல சொமெலியே புட்டியைத் திறப்பதோடு நிற்பதில்லை. தோட்டத்துக்கே சென்று, விளைவித்தவர் யார், என்ன சேர்த்தார் என்று விசாரிக்கிறார்.

ஊர் பேர் தெரியாத பொருளுக்கு நாக்கு மட்டும் சாட்சி சொல்ல முடியாது, நேயர்களே.